பெங்களூர்த் தமிழ் குரூப்புகளில் ஸ்பேம், பாட் கணக்குகளை அடக்குவது எப்படி?

பெங்களூரில் தமிழர்கள் நடத்தும் வாட்ஸ்அப், டெலிகிராம் குரூப்புகளில் பெரும்பாலும் ஓடும் பேச்சு இதுதான்: எலக்ட்ரானிக் சிட்டியில் ரூம் காலி, பொங்கலுக்குச் சேலம் டிக்கெட் இரண்டு கூடுதலாக இருக்கிறது, ஒயிட்ஃபீல்டில் ஒரு ஓப்பனிங், அல்சூர் பக்கம் நல்ல டியூஷன் டீச்சர் தெரியுமா? ஊரை விட்டு வந்தவர்களுக்கு இந்தக் குரூப்புகள் பெரிய துணை. முன்பின் பார்க்காதவரையும் "நம்ம ஊர் ஆள்" என்று நம்பிப் பணம் அனுப்பும் பழக்கம் இங்கே உண்டு. மோசடிக் கணக்குகள் இங்கே வந்து குவிவதும் அதனால்தான்.

அட்மின்கள் முதலில் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். குரூப்பில் வந்து விழும் லிங்க் எல்லார் கண்ணிலும் படும், யாராவது அழித்துவிடுவார்கள். பெரும்பாலும் பணம் பறிபோவது இன்பாக்ஸில். குரூப்பில் சேர்ந்து ஒரு வார்த்தை பேசாமல், உறுப்பினர் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனியாக மெசேஜ் அனுப்பும் கணக்குதான் அதிக ஆபத்து. குரூப் பார்க்கச் சுத்தமாக இருக்கும், உறுப்பினர்கள் ஏமாந்துகொண்டிருப்பார்கள். அதனால் ஸ்பேமை அழிப்பதில் காட்டும் வேகத்தைவிட, யாரை உள்ளே விடுகிறோம், புதியவருக்கு என்ன உரிமை தருகிறோம், உறுப்பினர்களின் சொந்த செட்டிங்ஸ் எப்படி இருக்கிறது என்பதில் செலவிடும் நேரத்துக்கே பலன் அதிகம்.

வருபவர்கள் எல்லாரும் ஒரே ரகம் இல்லை

பாட், அதாவது நிரல் எழுதித் தானாக ஓட்டப்படும் கணக்கு, ஒரு ரகம். நூற்றுக்கணக்கான குரூப்புகளில் ஒரே நேரத்தில் ஒரே வாசகத்தைப் போடும், பதில் கேட்டால் பேசாது, அல்லது கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசும். இரண்டாவது ரகத்தை ஆட்கள் உட்கார்ந்து இயக்குகிறார்கள். இவர்கள் தமிழில் பேசுவார்கள், "எந்த ஊர் நீங்க?" என்று விசாரிப்பார்கள், இரண்டு வாரம் பொறுமையாக இருப்பார்கள். மூன்றாவது, உங்கள் குரூப்பில் பல வருடமாக இருக்கும் நிஜமான உறுப்பினரின் கணக்கு, வேறு ஆள் கைக்குப் போனது. மூன்றிலும் மோசமானது இதுதான், ஏனென்றால் அந்தப் பெயரை எல்லாரும் நம்புகிறார்கள்.

டெலிகிராமில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. முறைப்படி பதிவான பாட்டின் யூசர்நேம் "பாட்" என்றே முடியும். அது தானாக யாருக்கும் முதல் மெசேஜ் அனுப்ப முடியாது, நீங்கள் போய் "ஸ்டார்ட்" அழுத்தினால்தான் பேசும். ஆகவே உங்கள் உறுப்பினருக்குத் தானாக வந்து "பார்ட் டைம் வேலை இருக்கிறது" என்று சொல்லும் கணக்கு, சாதாரண போன் எண்ணில் திறந்த கணக்கு, பின்னால் நிரலோ ஆளோ இருக்கிறார். "குரூப்பில் பாட் சேர்க்கத் தடை போட்டுவிட்டோமே" என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

ஓசூர் பிளாட் விளம்பரம், சீட்டு, இன்ஷூரன்ஸ், காலை வணக்கப் படம் இவையெல்லாம் வேறு விஷயம். போடுபவர் நிஜ மனிதர், உங்கள் பக்கத்துத் தெருக்காரராகக்கூட இருக்கலாம். அவரை பாட் மாதிரி தூக்கி எறிந்தால் மனக்கசப்புதான் மிஞ்சும். விளம்பரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஆளுக்கு ஒன்று என்று விதி வைத்து, மீறினால் ஒரு எச்சரிக்கை, அடுத்து நீக்கம். அது போதும்.

வாசலில் செய்ய வேண்டியவை

வாட்ஸ்அப்பில் குரூப் பெயரைத் தொட்டு உள்ளே போனால் "குரூப் பெர்மிஷன்ஸ்" இருக்கும். அங்கே "ஆட் அதர் மெம்பர்ஸ்" என்பதை உறுப்பினர்களிடமிருந்து எடுத்துவிடுங்கள். "அப்ரூவ் நியூ மெம்பர்ஸ்" என்பதைப் போட்டுவிடுங்கள். "எடிட் குரூப் செட்டிங்ஸ்" அட்மினுக்கு மட்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பயன். அப்ரூவல் போட்டுவிட்டு, வருகிற விண்ணப்பத்தையெல்லாம் பார்க்காமலே ஒப்புக்கொள்ளும் அட்மின் இருந்தால் எல்லாம் வீண்.

அழைப்பு லிங்க்தான் பெரிய ஓட்டை. 2020 பிப்ரவரியில் வாட்ஸ்அப் குரூப் லிங்க்குகள் கூகுள் தேடலில் வந்து நின்றது செய்தியானது. பொது இடத்தில் ஒருமுறை போட்ட லிங்க் எங்கெங்கோ சேகரிக்கப்பட்டு, மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஃபேஸ்புக் பக்கத்தில் போட வேண்டாம், பொங்கல் விழா நோட்டீஸில் கியூஆர் கோடாக அச்சடிக்க வேண்டாம். விழாவில் ஆள் சேர்த்தே ஆக வேண்டுமென்றால் டெலிகிராம் வசதியானது: லிங்க்குக்குக் கால அளவும், எத்தனை பேர் சேரலாம் என்ற வரம்பும் வைக்கலாம், அட்மின் ஒப்புதலும் கேட்கலாம். விழா முடிந்த இரவே காலாவதி ஆகும்படி வைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அப்படி இல்லாததால், விழா முடிந்ததும் "ரீசெட் லிங்க்" கொடுத்து பழையதைச் செத்துப்போகச் செய்ய வேண்டும். மாதம் ஒருமுறை காரணமே இல்லாமல் ரீசெட் செய்வதும் நல்ல பழக்கம்.

சேர விரும்புவோரிடம் கேட்கும் கேள்வி பற்றி. "நீங்கள் தமிழரா?", "பெங்களூரில் இருக்கிறீர்களா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். கூகுளில் கிடைக்கும் விடையுள்ள கேள்வியும் வீண். இப்போது செயற்கை நுண்ணறிவு எந்தக் கேள்விக்கும் அழகான தமிழில் பதில் எழுதிவிடும். பலன் தருவது இரண்டு வகைதான். ஒன்று, ஆளைச் சுட்டுவது: "குரூப்பில் இருக்கும் யாரைத் தெரியும்? எப்படித் தெரியும்?" பெயர் சொன்னால் அவரிடமே கேட்டுவிடலாம். யாரையும் தெரியாது என்று நேர்மையாகச் சொல்பவரிடம், எந்தப் பகுதியில் தங்கியிருக்கிறார், எதற்காகச் சேர வருகிறார் என்று பத்து விநாடி வாய்ஸ் நோட் கேளுங்கள். ஆயிரம் குரூப்பில் ஒரே நாளில் நுழையப் பார்க்கும் கும்பலுக்கு ஒவ்வொரு இடத்திலும் குரல் பதிவு செய்து அனுப்புவது கட்டுப்படியாகாது, அடுத்த குரூப்புக்குப் போய்விடுவார்கள். இரண்டாவது, கேள்விக்குள் ஒரு சின்னக் கட்டளை: "பதிலின் முதல் சொல்லாக உங்கள் சொந்த மாவட்டத்தின் பெயரை எழுதுங்கள்." படிக்காமல் பதில் போடும் நிரல் இங்கே மாட்டிக்கொள்ளும். நிஜ ஆட்களிலும் சிலர் கவனிக்காமல் விடுவார்கள், அவர்களிடம் இன்னொரு முறை கேட்டால் ஆயிற்று.

வெளிநாட்டு எண் என்பதாலேயே மறுக்காதீர்கள். துபாயின் 971, சிங்கப்பூரின் 65, மலேசியாவின் 60 இவற்றில் தொடங்கும் எண்களில் நம்மவர்கள் ஏராளம். பெங்களூருக்கு மாற்றலாகி வரப்போகிறவர் இப்போதே ரூம் தேடுவார்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆள் நிஜமா என்று பார்க்க ஆதார் நகல் வாங்கும் குரூப்புகள் இருக்கின்றன. வேண்டவே வேண்டாம். அட்மினின் போனில் முந்நூறு பேரின் ஆதார் படம் கிடந்தால், அந்த ஒரு போன் தொலைந்தாலோ கைமாறினாலோ, ஸ்பேமைவிடப் பெரிய கேடு நீங்களே செய்ததாகிவிடும்.

புதியவருக்கு முதல் இரண்டு நாள்

உள்ளே வந்தவுடன் எல்லா உரிமையும் கொடுக்கத் தேவையில்லை. டெலிகிராமில் "மிஸ் ரோஸ்" போன்ற நிர்வாக பாட் ஒன்றைச் சேர்த்தால், புதியவர் ஒரு பட்டனை அழுத்தியோ எளிய கூட்டல் கணக்குக்கு விடை சொல்லியோ காட்டும் வரை பேச முடியாதபடி வைக்கலாம். லிங்க், ஃபார்வேர்டு போன்றவற்றை வகைவாரியாகப் பூட்டவும் முடியும். குரூப் பெர்மிஷன்ஸில் படம், கோப்பு, லிங்க் முன்னோட்டம், ஆள் சேர்க்கும் உரிமை இவற்றைப் புதியவருக்கு மட்டும் தனியாக நிறுத்திவைத்து, பிறகு திறந்துவிடலாம். ஒரு மெசேஜுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒருவரைக் காத்திருக்க வைக்கும் "ஸ்லோ மோட்" சில விநாடியிலிருந்து ஒரு மணி நேரம் வரை போகும். சாதாரண நாளில் 30 விநாடி போதும், தாக்குதல் நடக்கும்போது 15 நிமிடமாக ஏற்றுங்கள். பெரிய குரூப்பாக இருந்தால் டெலிகிராமே தரும் "அக்ரெசிவ் ஆன்ட்டி ஸ்பேம்", உறுப்பினர் பட்டியலை மறைக்கும் "ஹைட் மெம்பர்ஸ்" இரண்டையும் போட்டுவிடுங்கள். பட்டியல் தெரியாவிட்டால் இன்பாக்ஸ் வேட்டைக்கு வருபவர், பேசுகிறவர்களை மட்டுமே பிடிக்க முடியும். முன்பு சொன்ன ஆபத்தில் பாதி இதிலேயே குறையும்.

வாட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் உரிமையைக் குறைக்க வழி இல்லை. அதற்கு மாற்று, பல குரூப்புகளை ஒரே குடையின் கீழ் வைக்கும் "கம்யூனிட்டி" அமைப்பு. அதன் அறிவிப்பு குரூப்பில் உறுப்பினர்களின் எண்கள் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. எல்லாரையும் முதலில் அங்கே சேர்த்து, ரூம், டிக்கெட், வேலை என்று பிரித்த உள் குரூப்புகளுக்கு அப்ரூவலோடு அனுப்புங்கள். இரண்டு நாள் கழித்து உள்ளே எடுத்தால் போதும். அந்த இரண்டு நாளுக்குள் பல மோசடி எண்கள் வேறு எங்காவது ரிப்போர்ட் வாங்கி முடங்கிவிடும். அவசரமாக ரூம் தேடி வருபவருக்கு இது எரிச்சலாக இருக்கும். அப்படிப்பட்டவரின் தேவையை அட்மினே அவர் சார்பில் குரூப்பில் போட்டுவிடலாம்.

டெலிகிராமில் சேர்க்கும் நிர்வாக பாட்டுக்கும் எல்லா அதிகாரமும் கொடுத்துவிடாதீர்கள். மெசேஜ் அழிக்கவும் ஆளைத் தடுக்கவும் மட்டும் போதும். புதிய அட்மின் சேர்க்கும் உரிமை அதற்கு எதற்கு? அதே பெயரில் போலி பாட்டுகளும் உலவுகின்றன, யூசர்நேமை எழுத்து எழுத்தாகப் பார்த்துச் சேருங்கள்.

சொல் வடிகட்டி தமிழில் ஏன் தோற்கிறது?

"போனஸ்" என்ற சொல்லை நிர்வாக பாட்டின் தடைப் பட்டியலில் போட்டிருப்பீர்கள். அதே சொல் கண்முன்னே குரூப்பில் வந்து நிற்கும், பாட் அசையாது. காரணம் எழுத்துக்குள் இருக்கிறது. கணினியும் போனும் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் "போ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: ப-வோடு ஓகாரக் குறி என்ற ஒரே குறியீட்டைச் சேர்ப்பது ஒன்று, ப-வோடு ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டையும் சமப்படுத்தித் தேடும் வசதி இல்லாத வடிகட்டிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் எல்லா எழுத்துக்கும் இந்தச் சிக்கல் உண்டு. லோன், கோடி, ஜோதிடம், போனஸ் என்று ஸ்பேம்காரருக்குப் பிடித்த சொற்களில் பாதி இந்த வகைதான். ஔகாரத்தில் கூடுதல் வம்பு: நீளக் குறிக்குப் பதிலாக "ள" என்ற எழுத்தையே போட்டு எழுதுவோர் பலர். இதற்கும் மேலே, சொல்லின் நடுவே கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகல எழுத்தைச் செருகுவது, ஆங்கில எழுத்துக்குப் பதில் அதே உருவமுள்ள ரஷ்ய எழுத்தை வைப்பது என்று வேறு வித்தைகளும் உண்டு.

செய்ய வேண்டியது: வந்த ஸ்பேம் மெசேஜை அழிக்கும் முன் அந்தச் சொல்லை அப்படியே நகலெடுத்துப் பட்டியலில் ஒட்டுங்கள். நீங்களாகத் தட்டச்சு செய்தால் உங்கள் கீபோர்டு எழுதும் வடிவம் மட்டும்தான் சேரும். தமிழ் எழுத்தில் ஒன்று, ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என மூன்று வடிவமும் வேண்டும்.

ஆனால் பட்டியலை நீட்டிக்கொண்டே போகாதீர்கள். "லோன்" என்பதைத் தடுத்தால் வீட்டுக்கடன் பற்றிச் சந்தேகம் கேட்பவர் மெசேஜும் போய்விடும். "வேலை"யைத் தடுத்தால் குரூப்பே நின்றுவிடும். தனிச் சொற்களைவிட, புதியவர் போடும் லிங்க், டெலிகிராம் யூசர்நேம், ஃபார்வேர்டு செய்த மெசேஜ், ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் ஏபிகே கோப்பு இந்த நான்கையும் தடுப்பது பல மடங்கு பலன் தரும். மோசடிக்காரர் என்ன கதை சொன்னாலும் கடைசியில் வேறொரு இடத்துக்கு இழுத்தாக வேண்டும். அந்தக் கயிற்றை வெட்டினால் கதை எதுவானாலும் கவலையில்லை.

ஒரு மெசேஜைக் கிட்டே வைத்துப் பார்ப்போம்

"ஹாய் பிரண்ட்ஸ், 13ஆம் தேதி நைட் சேலம் ஏசி ஸ்லீப்பர் 2 டிக்கெட் இருக்கு. லீவு கேன்சல் ஆயிடுச்சு. 1,400க்கு எடுத்தது, 900க்குத் தரேன். அர்ஜென்ட், இன்பாக்ஸ் வாங்க."

எழுத்தில் குறை ஒன்றும் இல்லை. குறை இருப்பது மெசேஜில் இல்லாதவற்றில். பெங்களூரிலிருந்து ஊருக்கு டிக்கெட் விற்கிற நிஜ ஆள் ஏறும் இடத்தை முதலில் சொல்லிவிடுவார்: மடிவாளாவா, சில்க் போர்டா, எலக்ட்ரானிக் சிட்டியா, சாந்திநகர் பஸ் ஸ்டாண்டா? இது பல ஊர் குரூப்புக்கும் பொருந்தும்படி எழுதப்பட்ட வாசகம், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் வேறு நகரத்துக்கும் ஓடும். பஸ் கம்பெனியின் பெயரும் இல்லை, புறப்படும் நேரமும் இல்லை. விலையோ நஷ்டத்துக்கு. பண்டிகை நாளில் டிக்கெட்டுக்கு அடிதடி நடக்கும்போது யாரும் 500 ரூபாய் குறைத்து விற்கத் தேவையே இல்லை. முக்கியமாக, பேச்சை உடனே இன்பாக்ஸுக்கு மாற்றுகிறார்.

குரூப்பிலேயே வைத்து இரண்டு கேள்வி கேளுங்கள்: எங்கே ஏற வேண்டும், சீட் எண் என்ன? பதில் வந்தால், வாங்குபவர் பஸ் கம்பெனியின் எண்ணைத் தானே தேடி எடுத்து அழைத்து, அந்த சீட் யார் பெயரில் இருக்கிறது, பயணி பெயரை மாற்ற அனுமதிப்பார்களா என்று கேட்க வேண்டும். விற்பவர் கொடுத்த "ஆபீஸ் நம்பருக்கு" அழைத்தால் அவருடைய கூட்டாளிதான் எடுப்பார். ரயில் டிக்கெட் என்றால் இந்த விசாரணையும் தேவையில்லை. உறுதியான ரயில் டிக்கெட்டைப் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், கணவன், மனைவி போன்ற நெருங்கிய குடும்பத்தாருக்கு, வண்டி கிளம்ப 24 மணி நேரம் முன்பு எழுதிக் கொடுத்து மாற்றலாம். நண்பருக்கு விற்க வழியே இல்லை, டிக்கெட்டைக் கைமாற்றுவது ரயில்வே சட்டப்படி குற்றம். அதனால் ரயில் டிக்கெட் விற்பனைப் பதிவு எதுவாக இருந்தாலும் கேள்வி கேட்காமல் நீக்கலாம், உறுப்பினர்களும் சண்டை போட மாட்டார்கள்.

வீட்டு வாடகையில் வருவது வேறு நாடகம். வழக்கமாகப் பல மாத அட்வான்ஸ் கேட்கும் ஊரில் இரண்டு மாத அட்வான்ஸ், பளபளக்கும் படங்கள், உரிமையாளர் "ராணுவத்தில் இருக்கிறார், வெளியூரில் போஸ்டிங்", வீடு பார்க்க கேட் பாஸுக்கு மட்டும் 2,000 ரூபாய், திருப்பித் தரப்படும். படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் அதைப் போட்டால் வேறு நகரத்து விளம்பரத்தில் அதே ஹால் வந்து நிற்பதுண்டு. வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாயும் தரக்கூடாது என்பதைக் குரூப் விளக்கத்தில் முதல் வரியாக எழுதி வையுங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை என்பதை இரண்டாவது வரியாக எழுதுங்கள். "அட்வான்ஸ் அனுப்புகிறேன், கியூஆரை ஸ்கேன் செய்து பின் போடுங்கள்" என்று பர்னிச்சர் விற்கும் நம் பிள்ளைகளை ஏமாற்றுவது இன்னும் நிற்கவில்லை.

வேறு சில அடையாளங்களும் உண்டு. ஒருவர் "இந்த டிரேடிங் குரூப் உண்மையா?" என்று கேட்க, ஐந்தே நிமிடத்தில் இன்னொருவர் "எனக்கு நேத்து 8,000 வந்துச்சு ப்ரோ" என்று ஸ்கிரீன்ஷாட் போடுவார். இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்திருப்பார்கள். ஒரு "வணக்கம்" மட்டும் சொல்லி, புரொஃபைல் விவரத்தில் லிங்க் வைத்திருக்கும் கணக்கும் உண்டு, மெசேஜில் ஒன்றுமே இல்லாததால் எந்த வடிகட்டியும் பிடிக்காது. முதலில் சாதுவாக எதையோ எழுதிவிட்டு, பிறகு எடிட் செய்து லிங்க் சேர்ப்பது இன்னொரு வழி. வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள்தான் எடிட் முடியும், டெலிகிராமில் அந்த அவகாசம் மிகவும் அதிகம். அதனால் டெலிகிராமில் புதியவரின் பழைய மெசேஜில் "எடிட்டட்" என்று தெரிந்தால் திறந்து பாருங்கள். கடைசியாக, அட்மினின் படத்தையும் பெயரையும் வைத்துக்கொண்டு உறுப்பினர்களுக்கு மெசேஜ் அனுப்பும் போலி. வாட்ஸ்அப்பில் நீங்கள் சேமிக்காத எண்ணின் பெயருக்கு முன்னால் குரூப்பில் ஒரு சின்ன அலைக்கோடு இருக்கும். அந்தப் பெயர் அவரே வைத்துக்கொண்டது என்பதற்கு அது அடையாளம், எதற்கும் சான்று ஆகாது. அட்மின்களின் எண்களைச் சேமித்து வைக்கச் சொல்லுங்கள்.

பிடிபட்டவுடன் எந்த வரிசையில்?

அவசரத்தில் எல்லாரும் முதலில் அழித்துவிடுகிறார்கள். அழித்தால் எண், நேரம், லிங்க் எல்லாம் போய்விடும், பின்னால் யாராவது பணம் இழந்தது தெரியவந்தால் புகாருக்கு ஒன்றும் மிஞ்சாது. முதலில் ஸ்கிரீன்ஷாட்: மெசேஜும் நேரமும் ஒன்றில், புரொஃபைலைத் திறந்து முழு எண்ணோ யூசர்நேமோ தெரியும்படி இன்னொன்றில். அடுத்தது ரிப்போர்ட். வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் செய்யும்போது அவர் உங்களுக்கு அனுப்பிய கடைசி ஐந்து மெசேஜ்கள் வரை நிறுவனத்துக்குப் போகும். அதனால் இன்பாக்ஸில் மெசேஜ் வாங்கிய ஒவ்வொருவரும் தங்கள் சாட்டிலிருந்தே ரிப்போர்ட் செய்வதுதான் சரி. அட்மின் மட்டும் செய்தால் அந்த இன்பாக்ஸ் பேச்சு போய்ச் சேராது. பிறகு ஆளை நீக்குங்கள், டெலிகிராமில் அவர் மறுபடி சேர முடியாதபடி "பேன்" செய்ய வேண்டும். அங்கே ஒரு மெசேஜை அழிக்கப் போகும்போதே ஸ்பேம் என்று புகார் செய்வது, ஆளைத் தடுப்பது, அவருடைய எல்லா மெசேஜையும் அழிப்பது மூன்றும் ஒன்றாகக் கேட்கும், மூன்றையும் டிக் செய்துவிடலாம். அதற்குப் பிறகு லிங்க் ரீசெட், ஏனென்றால் அவரே வேறு எண்ணில் வருவார்.

கடைசி வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். குரூப்பில் நான்கு வரி அறிவிப்புப் போடுங்கள்: இன்ன எண், இன்ன கதை, நீக்கியாயிற்று, யாருக்காவது தனியாக மெசேஜ் வந்திருந்தால் அட்மினுக்குச் சொல்லுங்கள். ஏமாந்தவர் வெட்கப்பட்டுச் சும்மா இருப்பார். "பணம் அனுப்பியிருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள்" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். "இதுகூடத் தெரியாதா?" என்று யாராவது கேலி செய்தால் அந்த மெசேஜையும் அழியுங்கள். ஒருவரை அவமானப்படுத்தினால் அடுத்தவர் வாயே திறக்க மாட்டார்.

நீக்கப்பட வேண்டியவர் பழைய உறுப்பினர், கணக்கு பறிபோயிருக்கிறது என்றால்? முதலில் நீக்கிவிடுங்கள், மரியாதைக் குறைவு என்று யோசிக்காதீர்கள். பிறகு சாதாரண போன் காலில் அழைத்துச் சொல்லுங்கள். அவர் தன் எண்ணை வாட்ஸ்அப்பில் மறுபடி பதிவு செய்து, எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்க எண்ணைப் போட்டால் திருடன் வெளியே தள்ளப்படுவான். கூடுதல் பாதுகாப்புக்கான டூ ஸ்டெப் பின் ஒன்றைத் திருடன் வைத்திருந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டும், அந்த 7 நாளும் திருடனாலும் அந்தக் கணக்கைப் பயன்படுத்த முடியாது. உள்ளே வந்ததும் "லிங்க்ட் டிவைசஸ்" பார்த்துத் தெரியாதவற்றை வெளியேற்ற வேண்டும். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் சலான் என்ற பெயரில் வந்த ஏபிகே கோப்பை நிறுவியதால் போனது என்றால் இது மட்டும் போதாது. எஸ்எம்எஸ் எல்லாம் அந்தச் செயலி வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கலாம். இன்டர்நெட்டைத் துண்டித்து, வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லி, தேவையான கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் செய்வதுதான் பத்திரம்.

உறுப்பினர்களைச் செய்ய வைக்க வேண்டியவை

வாட்ஸ்அப் பிரைவசியில் "குரூப்ஸ்" என்பதை "மை கான்டாக்ட்ஸ்" ஆக்குவது, புரொஃபைல் படத்தையும் அப்படியே, தெரியாத எண்ணின் அழைப்பு ஒலிக்காமல் இருக்க "சைலன்ஸ் அன்னோன் காலர்ஸ்", "அட்வான்ஸ்டு" பகுதியில் தெரியாத கணக்குகளின் மெசேஜைத் தடுக்கும் வசதி. டெலிகிராமில் போன் எண் யாருக்கும் தெரியாதபடி "நோபடி", குரூப்பில் சேர்க்கும் உரிமை கான்டாக்ட்ஸுக்கு மட்டும். ஆண்ட்ராய்டில் "இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்" என்று செட்டிங்ஸில் தேடி, வாட்ஸ்அப், டெலிகிராம் இரண்டுக்கும் அனுமதி இல்லை என்று வைத்துவிட்டால் ஏபிகே ஆபத்து பெருமளவு ஒழியும். இதைப் படித்துவிட்டு யாரும் செய்யப்போவதில்லை. விழாவிலோ அபார்ட்மென்ட் கூட்டத்திலோ ஒரு மேசை போட்டு, இளைஞர்கள் இருவர் உட்கார்ந்து, பெரியவர்களின் போனை அவர்கள் கையிலேயே வைத்துக்கொண்டு செய்யச் சொல்லிக் கொடுத்தால் நடக்கும், ஆளுக்குப் பத்து நிமிடம் போதும்.

பணம் போய்விட்டால்

உடனே 1930. இது நாடு முழுவதற்குமான சைபர் மோசடி உதவி எண். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் முடக்கப் பார்ப்பார்கள், அதனால் நிமிடங்கள்தான் கணக்கு. வங்கிப் பெயர், தொகை, நேரம், யுபிஐ பரிமாற்றத்தின் 12 இலக்கக் குறிப்பு எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிறகு சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் ஸ்கிரீன்ஷாட்டுகளோடு புகாரை முழுமையாகப் பதிவு செய்து, ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் சைபர் குற்றங்களுக்கென்று டிவிஷன் வாரியாக சி.இ.என். (சைபர், பொருளாதாரக் குற்றம், போதைப்பொருள்) காவல் நிலையங்கள் இருக்கின்றன. கன்னடம் தெரிந்த ஒருவர் கூடப் போனால் வேலை சீக்கிரம் நடக்கும், அந்தத் துணையை ஏற்பாடு செய்வதும் குரூப்பின் வேலைதான். பணம் போகவில்லை, மோசடி அழைப்போ மெசேஜோ மட்டும் வந்தது என்றால் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள "சக்ஷு" பகுதியில் தெரிவியுங்கள், 2024 மார்ச்சில் தொடங்கப்பட்டது. உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதையும் அதே தளத்தில் பார்க்கலாம்.

உறுப்பினர் போட்ட மெசேஜுக்கு அட்மின் ஜெயிலுக்குப் போக வேண்டுமா என்ற பயம் பலருக்கு. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021இலும் கேரள உயர் நீதிமன்றம் 2022இலும், உறுப்பினரின் பதிவுக்கு அட்மின் என்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார் என்று சொல்லியிருக்கின்றன. இருந்தாலும் தெரிந்தே மோசடிப் பதிவை விட்டுவைக்கும் அட்மினை உறுப்பினர்கள் மன்னிக்க மாட்டார்கள்.

அட்மின்கள் தங்களைக் காத்துக்கொள்ள

அட்மின் ஒருவரின் கணக்கு போனால் குரூப்பே போகும். எல்லா அட்மினும் வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க டூ ஸ்டெப் பின்னும், டெலிகிராமில் தனி பாஸ்வேர்டும் வைத்திருக்க வேண்டும், வைக்காதவர் அட்மினாக இருக்கக் கூடாது. ஊரை விட்டுப் போய்விட்ட, ஆறு மாதமாகத் தலைகாட்டாத பழைய அட்மின்களிடமிருந்து உரிமையை நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் விட்டுவிட்ட எண் வேறு யாருக்காவது ஒதுக்கப்பட்டால், அட்மின் நாற்காலியும் சேர்ந்தே போகலாம். நான்கு அல்லது ஐந்து பேர் போதும், அதில் ஒருவராவது நைட் ஷிஃப்டில் வேலை செய்பவராக இருந்தால் நல்லது. எல்லாரும் தூங்கும் நேரத்தில் போட்ட மெசேஜ் காலை வரை அப்படியே கிடக்கும் என்பது ஸ்பேம்காரருக்குத் தெரியும். டெலிகிராமில் "ரீசன்ட் ஆக்‌ஷன்ஸ்" பட்டியல் 48 மணி நேரம்தான் நிற்கும், எந்த அட்மின் எதை அழித்தார் என்ற சந்தேகம் வந்தால் அதற்குள் பார்த்துவிடுங்கள்.

ஊருக்குப் போகும் கூட்டம் அலைமோதும் நாட்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்பு திறப்பதால் பொங்கல் டிக்கெட் பேச்சு நவம்பர் நடுவிலேயே தொடங்கி, ஜனவரி இரண்டாம் வாரத்தில் உச்சத்துக்குப் போகும். ஜனவரி 5 முதல் 16 வரை புதியவர் சேர்க்கையை நிறுத்திவிடுங்கள். டிக்கெட் குரூப்பில் அட்மின் மட்டும் பதிவிடலாம் என்று மாற்றி, விற்பவர் விவரம் அனுப்பினால் ஏறும் இடம், பஸ் பெயர், சீட் எண் மூன்றும் இருந்தால் மட்டும் அட்மின் போடட்டும். தீபாவளிக்கும் இதே ஏற்பாடு, பத்து நாள் முன்பிருந்து.